நேற்றைய உத்தியோகமும் இன்றைய அடைக்கலமும்



அகதி என்ற சொல் நமக்குப் புதியதன்று. 1970-களின் பிற்பகுதியில் திரெங்கானுக் கடலோரத்தில் வந்திறங்கிய வியட்நாமியப் படகு மக்களை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இன்று மியன்மாரிலிருந்து வந்தவர்கள் நம் பட்டணங்களிலும் தோட்டப் பகுதிகளிலும் நம்மோடு வாழ்ந்து வருகிறார்கள். இந்நாட்டுக்கு வந்த அகதிகளில் இலங்கைத் தமிழரும் உண்டு.

இவர்களைப் பற்றிப் பேச்சு வரும்போது நம்மில் சிலர் சொல்லுவதைக் கேட்டிருக்கிறோம். "இவர் அங்கே பட்டாளத்தில் இருந்தவராமே! அவர் அரசாங்க உத்தியோகம் பார்த்தவராமே! இப்படிப்பட்டவர்கள் எப்படி அகதியாக முடியும்?" என்று கேட்கிறோம். அகதிகளின் அச்சமோ வேறு விதமானது. "பழைய கதையைச் சொன்னால் கார்டு கிடைக்காமல் போய்விடுமோ?" என்று எண்ணி, சிலர் உண்மையை உள்ளுக்குள்ளேயே புதைத்துவிடுகிறார்கள். நாம் கேட்கும் கேள்வியும் சரியன்று. அவர்கள் மறைப்பதும் சரியன்று. ஒருவர் முன்பு பார்த்த அரசாங்க வேலையும், அவருக்கு இருந்த அரசியல் தொடர்பும், அவர் கேட்கும் அடைக்கலத்தை எப்படிப் பாதிக்கின்றன என்பதை இன்று பார்ப்போம்.

முதலில், அகதி என்பவர் யார்? இதற்கு உலகம் ஒப்புக்கொண்ட விளக்கம் 1951-ஆம் ஆண்டு ஜூலை 28-ஆம் நாள் ஜெனீவா நகரில் ஏற்கப்பட்ட அகதிகள் உடன்படிக்கையில் இருக்கிறது. இனம், மதம், நாட்டினம், ஒரு குறிப்பிட்ட சமூகப் பிரிவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து ஆகிய ஐந்தில் ஏதேனும் ஒன்றன் காரணமாகத் தாம் கொடுமைக்கு ஆளாவோம் என்று தக்க ஆதாரத்தோடு அஞ்சி, சொந்த நாட்டுக்கு வெளியே இருப்பவரே அகதி. வறுமை கொடியதுதான். பஞ்சமும் வெள்ளமும் கொடியவைதாம். ஆனால் அவை மட்டும் ஒருவரை இந்த உடன்படிக்கையின்படி அகதியாக்குவதில்லை.

மலேசியாவும் சிங்கப்பூரும் இந்த உடன்படிக்கையில் சேரவில்லை. ஆயினும், ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர் ஆணையரின் அலுவலகம் கோலாலம்பூரில் பல்லாண்டு காலமாக இந்த விளக்கத்தை அளவுகோலாக வைத்தே அகதிகளை விசாரித்து வந்திருக்கிறது. அவர்களை ஏற்றுக்கொள்ளும் வெளிநாடுகளும் இதையே அடிப்படையாகக் கொள்கின்றன. ஆகவே இதை அறிந்துகொள்வது நமக்கும் பயனுள்ளது.

மேலே சொன்ன ஐந்து காரணங்களில் கடைசியாக வருவது அரசியல் கருத்து. பழைய உத்தியோகம் இங்கேதான் முதலில் வந்து நிற்கிறது. ஒருவர் மேடையேறிப் பேசியிருக்க வேண்டும், கட்சியில் பெயர் கொடுத்திருக்க வேண்டும் என்பதில்லை. அவர் வாயே திறக்காதவராக இருக்கலாம். ஆனால் புதிதாக ஆட்சிக்கு வந்தவர்கள், "நீ பழைய அரசாங்கத்தில் சம்பளம் வாங்கியவன், ஆகவே நீ எங்கள் எதிரி" என்று முடிவு கட்டினால், அதுவும் அரசியல் கருத்துக்காக நேரும் கொடுமையே. கருத்து அவருக்கு உண்மையில் இருந்ததா என்பது பெரிதன்று. இருந்ததாகக் கொடுமை செய்பவர் எண்ணுகிறாரா என்பதே பெரிது.

இதற்கு வியட்நாமே தக்க சான்று. 1975-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள் சைகோன் நகரம் வீழ்ந்தது. தென் வியட்நாம் அரசாங்கம் மறைந்தது. அந்த அரசாங்கத்தின் படை அதிகாரிகளும் உயர் உத்தியோகத்தரும் 'மறுகல்வி' முகாம்களுக்கு வந்து சேர வேண்டும் என்று புதிய ஆட்சியினர் கட்டளையிட்டார்கள். அதிகாரிகள் ஒரு மாதத்துக்கான உணவும் உடையும் எடுத்துவரும்படி சொல்லப்பட்டார்கள். ஒரு மாதம்தானே என்று மனைவி மக்களிடம் சொல்லிவிட்டுப் போனவர்களில் பலர் ஆண்டுக் கணக்கில் அடைபட்டுக் கிடந்தார்கள். பத்தாண்டுகளுக்கு மேல் இருந்தவர்களும் உண்டு. வெளியே இருந்த குடும்பத்தாரும் தப்பவில்லை. தகப்பன் பழைய ஆட்சியில் என்னவாக இருந்தான் என்ற குறிப்பு, பிள்ளையின் படிப்பையும் வேலையையும் தொடர்ந்து பாதித்தது.

படகேறியவர்களில் இத்தகைய குடும்பங்கள் பல இருந்தன. திரெங்கானுக்கு அப்பால் உள்ள பீடோங் தீவு 1978-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அகதி முகாமாகத் திறக்கப்பட்டது. அதன் பரப்பு ஏறத்தாழ ஒரு சதுரக் கிலோமீட்டர்தான். 1979-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அங்கே சுமார் 40,000 பேர் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். அந்தக் காலத்தில் வந்தவர்களை ஒவ்வொருவராகச் சலித்துப் பார்க்கவில்லை. வியட்நாமிலிருந்து வந்த படகு மக்கள் என்றாலே அகதிகளாகக் கொண்டு, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, கனடா, பிரான்ஸ் முதலிய நாடுகளுக்கு அனுப்பி வைத்தார்கள்.

பிறகு நிலைமை மாறிற்று. ஆண்டுகள் பல கடந்தும் படகுகள் நிற்கவில்லை. ஏற்றுக்கொள்ளும் நாடுகள் தயங்கத் தொடங்கின. 1989-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஜெனீவாவில் பல நாடுகளும் கூடி ஒரு புதிய திட்டத்தை ஏற்றன. அதன்படி, 1989-ஆம் ஆண்டு மார்ச் 14-ஆம் நாளுக்குப் பின் மலேசியாவுக்கு வந்த வியட்நாமியர் ஒவ்வொருவரும் விசாரணைக்கு உட்பட வேண்டும். அகதி என்று தேறியவருக்கு வெளிநாடு. தேறாதவருக்குச் சொந்த நாடு. கோலாலம்பூரை அடுத்த சுங்கை பீசி முகாமில் தங்கியிருந்தவர்கள் இந்தத் தீர்ப்புக்காகக் காத்துக் கிடந்தார்கள். பீடோங் முகாம் 1991-இலும், சுங்கை பீசி முகாம் 1996-இலும் மூடப்பட்டன.

இங்கேதான் ஒரு முக்கியமான பாடம் இருக்கிறது. 1975-இல் சிப்பாயாக இருந்தேன் என்று 1990-இல் சொன்னால் அது மட்டும் போதாது. அந்தப் பழைய தொடர்பால் இன்று என்ன ஆபத்து இருக்கிறது என்பதே கேள்வி. விடுதலையான பிறகும் காவலர் தொந்தரவு செய்தார்களா? வேலை மறுக்கப்பட்டதா? மறுபடியும் பிடித்துக்கொண்டு போனார்களா? பிள்ளைகளுக்கு என்ன நேர்ந்தது? பழைய உத்தியோகம் விதை என்றால், இன்றைய ஆபத்து அதிலிருந்து முளைத்த செடி. செடி உயிரோடு இருக்கிறதா என்றுதான் விசாரிப்பவர் பார்ப்பார்.

அதே 1989-ஆம் ஆண்டு ஜூலையில் அமெரிக்காவும் வியட்நாமும் வேறொரு உடன்பாடு செய்துகொண்டன. பழைய அரசாங்கத்தோடு இருந்த தொடர்புக்காக மறுகல்வி முகாமில் மூன்று ஆண்டுகளோ அதற்கு மேலோ அடைக்கப்பட்டவர்கள், குடும்பத்தோடு முறைப்படி அமெரிக்கா போகலாம் என்பதே அந்த உடன்பாடு. அவர்கள் படகேற வேண்டியதில்லை. கடலில் உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. ஆக, எந்த உத்தியோகம் ஒருவரைச் சிறையில் தள்ளிற்றோ, அந்த உத்தியோகமே பின்னாளில் அவருக்குக் கதவையும் திறந்துவிட்டது.

இது ஒரு பக்கம். பழைய உத்தியோகம் கதவை அடைப்பதும் உண்டு. அதை இனிப் பார்ப்போம்.

1951-ஆம் ஆண்டின் உடன்படிக்கையை எழுதியவர்கள் இரண்டாம் உலகப் போரின் கொடுமைகளை நேரில் கண்ட தலைமுறையினர். பல லட்சம் பேரைக் கொன்றவர்களும், கொல்ல ஆணையிட்டவர்களும் அகதி வேடம் பூண்டு தப்பிவிடக் கூடாது என்பதில் அவர்கள் உறுதியாக இருந்தார்கள். அதனால் முதல் விதியிலேயே ஒரு விலக்கையும் எழுதி வைத்தார்கள். போர்க் குற்றம், மனித குலத்துக்கு எதிரான குற்றம், உலக அமைதிக்கு எதிரான குற்றம் ஆகியவற்றைச் செய்தவர். அடைக்கலம் கேட்டு வருமுன் அரசியல் சாராத கடுங்குற்றம் செய்தவர். ஐக்கிய நாடுகளின் நோக்கங்களுக்கு மாறான செயல் புரிந்தவர் என்று எண்ணுவதற்குப் பலமான காரணங்கள் இருந்தால், அவருக்கு அகதி என்ற பாதுகாப்பு கிடையாது.

இந்த விலக்கு ஏன் வேண்டும் என்று 1994-ஆம் ஆண்டு உலகம் கண்கூடாகக் கண்டது. ஆப்பிரிக்காவில் உள்ள ருவாண்டா நாட்டில் துட்சி இன மக்கள் லட்சக்கணக்கில் படுகொலை செய்யப்பட்டார்கள். அந்த ஆட்சி தோற்றதும், அப்போது சயீர் என்று அழைக்கப்பட்ட அண்டை நாட்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஓடினார்கள். அவர்களில் பெரும்பாலோர் சாதாரண மக்கள். ஆனால் கொலையை நடத்திய பழைய படையினரும் கும்பல் தலைவர்களும் அவர்களோடு கலந்து வந்து, முகாம்களையே தங்கள் கைக்குள் கொண்டுவந்தார்கள். பசித்த குழந்தைக்கு வந்த உணவு கொலைகாரர்களின் கைக்குப் போயிற்று. உண்மையான அகதியைக் காப்பாற்ற வேண்டுமானால், அகதியென்று சொல்லிக்கொள்ளும் குற்றவாளியைப் பிரித்தெடுத்தே ஆக வேண்டும். ஆயுதத்தைக் கீழே வைக்காதவரையும் அகதியாகக் கொள்வதில்லை. அவர் போரை மெய்யாகவே கைவிட்டுவிட்டாரா என்று பார்த்த பிறகே அவருடைய மனு ஆராயப்படும்.

சரி, அப்படியானால் ஒரு கொடிய அரசாங்கத்தில் வேலை பார்த்தவர் எல்லாரும் குற்றவாளிகளா? பனைமரத்தடியில் நின்று பாலைக் குடித்தாலும் கள் என்றுதான் உலகம் சொல்லும் என்பது நம் பழமொழி. ஊர் அப்படிச் சொல்லலாம். சட்டம் அப்படிச் சொல்லக் கூடாது.

நமக்குத் தெரிந்த தோட்டத்தை வைத்தே இதை எண்ணிப் பார்ப்போம். ஒரு தோட்டத்தில் துரை இருக்கிறார், கிராணி இருக்கிறார், மண்டோர் இருக்கிறார், பால்மரம் வெட்டுகிறவரும் இருக்கிறார். எல்லாரும் ஒரே தோட்டத்துச் சம்பளம் வாங்குகிறவர்கள்தாம். அங்கே கணக்கில் ஒரு பெரிய மோசடி நடந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சம்பளப் பட்டியலில் பெயர் இருக்கிறது என்பதற்காகப் பால் வெட்டியவரைப் பிடித்து உள்ளே போடுவது நியாயமாகுமா? ஆனால் பொய்க் கணக்கு என்று தெரிந்தே எழுதிக் கொடுத்தவர், "நான் வெறும் கிராணிதானே" என்று சொல்லித் தப்பிக்கொள்ளவும் முடியாது. யார் எதைத் தெரிந்து செய்தார், எவ்வளவு செய்தார் என்பதுதான் கேள்வி.

கனடா நாட்டின் உச்ச நீதிமன்றம் 2013-ஆம் ஆண்டு ஜூலை மாதம் இதைத்தான் தெளிவாக்கியது. கொங்கோ நாட்டு அரசாங்கத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்த ஒருவர், பின்னர் நியூயார்க்கில் ஐக்கிய நாடுகளுக்கான தம் நாட்டுத் தூதுக்குழுவில் பணியாற்றினார். 2008-ஆம் ஆண்டு வேலையை விட்டுவிட்டுக் கனடாவில் அடைக்கலம் கேட்டார். தம் அரசாங்கம் ஊழலும் வன்முறையும் நிறைந்தது, இனி அதற்கு உழைக்க மனமில்லை, திரும்பினால் துரோகி என்று தண்டிப்பார்கள் என்பது அவர் வாதம். முதலில் விசாரித்தவர்கள், குற்றங்கள் செய்யும் அரசாங்கத்தில் உயர் பதவி வகித்ததால் அவருக்கும் அதில் பங்குண்டு என்று கூறி மறுத்துவிட்டார்கள். உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒரு கூட்டத்தோடு சேர்ந்திருந்தார் என்பதாலேயே குற்றத்தில் பங்காளி ஆகிவிட மாட்டார். அவர் தாமாக விரும்பி, தெரிந்தே, குறிப்பிடத்தக்க அளவில் அந்தக் குற்றத்துக்குத் துணை செய்திருக்க வேண்டும் என்று கூறி, வழக்கை மறுபடியும் விசாரிக்க அனுப்பிற்று.

நம் இனத்தாரைத் தொட்ட ஒரு வழக்கும் உண்டு. இலங்கையில் சிறு வயதிலேயே விடுதலைப் புலிகள் இயக்கத்தில் சேர்ந்துவிட்ட ஒரு தமிழ் இளைஞர், பிற்காலத்தில் பிரிட்டன் சென்று அடைக்கலம் கேட்டார். இயக்கத்தில் பொறுப்பு வகித்தவர் என்ற காரணத்தால் உள்நாட்டு அமைச்சு அவரை விலக்கிற்று. 2010-ஆம் ஆண்டு மார்ச் மாதம் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம், உறுப்பினர் என்பது மட்டும் போதாது, அவர் செய்தது என்ன என்று தனியாக ஆராய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கவனிக்க வேண்டும்: அடைக்கலம் கொடுங்கள் என்று நீதிமன்றம் சொல்லவில்லை, சரியான கேள்வியைக் கேட்டு மறுபடியும் பாருங்கள் என்றுதான் சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றமும், ஜெர்மனியில் எழுந்த இரு வழக்குகளில், ஒவ்வொருவரையும் தனித்தனியே ஆராய வேண்டும் என்றே கூறிற்று.

அந்தச் சரியான கேள்விகள் எவை? கனடாத் தீர்ப்பு சொன்னவற்றை எளிய சொற்களில் கூறுவோம். ஒன்று, அந்த அமைப்பு எவ்வளவு பெரியது, அதன் வேலை என்ன? குற்றத்துக்கென்றே அமைந்த சிறு கும்பலா, பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் நடத்தும் முழு அரசாங்கமா? இரண்டு, அதில் எந்தப் பிரிவில் இவர் இருந்தார்? தபால் இலாகாவிலா, சித்திரவதைக்குப் பேர்போன இரகசியப் போலீஸ் படையிலா? மூன்று, அன்றாடம் என்ன வேலை செய்தார்? நான்கு, என்ன பதவி? ஆணையிடும் பதவியா, ஆணையைக் கேட்கும் பதவியா? ஐந்து, எவ்வளவு காலம் இருந்தார்? முக்கியமாக, குற்றம் நடப்பது தெரிந்த பின்னும் எவ்வளவு காலம் இருந்தார்? ஆறு, எப்படிச் சேர்ந்தார், விலக வழி இருந்ததா?

இந்த ஆறாவது கேள்வி நம் மக்களுக்கு எளிதில் விளங்கும். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசர காலத்தை நம் தாத்தா பாட்டிமார் அனுபவித்தார்கள். இரவில் காட்டிலிருந்து ஆயுதத்தோடு வந்தவர்கள் அரிசியும் பணமும் கேட்டார்கள். பகலில் படையினரும் போலீசாரும் வந்து யார் கொடுத்தது என்று கேட்டார்கள். கொடுத்தால் சட்டப்படி குற்றம். மறுத்தால் உயிருக்கு ஆபத்து. அப்படி அச்சத்தால் ஒரு படி அரிசி கொடுத்தவரும், விரும்பிச் சேர்ந்து துப்பாக்கி தூக்கியவரும் ஒன்றாவார்களா? உயிருக்கு உடனடியான ஆபத்து வந்து, தப்ப வேறு வழியே இல்லாமல் செய்த செயலை அகதிச் சட்டமும் வேறாகவே எடை போடுகிறது. பிள்ளைப் பருவத்தில் பிடித்துச் செல்லப்பட்டவர்களின் வயதையும் அது கணக்கில் கொள்ளுகிறது.

ஆனால் இதற்கும் எல்லை உண்டு. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று நாம் சொல்லுவோம். அம்புக்குக் கண்ணில்லை, மனமில்லை. ஆகவே அது பொருந்தும். மனிதனுக்கு இரண்டும் உண்டு. "மேலிடத்து உத்தரவு" என்ற ஒரு சொல், நிராயுதபாணிகளைச் சுட்டவனைக் காப்பாற்றாது. உத்தரவை மறுத்தவர்களும் இருக்கிறார்கள் அல்லவா? 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ஆம் நாள் மியன்மாரில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. மறுமாதமே போலீஸ்காரர்கள் சிலர் எல்லை தாண்டி இந்தியாவின் மிசோரம் மாநிலத்துக்குள் புகுந்தார்கள். மக்களைச் சுடும்படி வந்த உத்தரவுக்குப் பணிய மறுத்துவிட்டு வந்ததாக அவர்கள் சொன்னார்கள். போலீஸ் உடுப்பைப் பார்த்து மட்டும் தீர்ப்புச் சொன்னால் இவர்களையும் குற்றவாளிகள் என்றுதான் சொல்ல வேண்டிவரும். அவர்கள் செய்ததைப் பார்த்தால், அந்த மறுப்பே அவர்களுடைய ஆபத்துக்குக் காரணமாகிறது.

இன்னும் இரண்டு செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லுவோம். முதலாவது, குடும்பத்தைப் பற்றியது. கணவர் விலக்கப்பட்டார் என்பதால் மனைவியும் பிள்ளைகளும் தாமாகவே விலக்கப்படுவதில்லை. அவர்களுக்கென்று சொந்த ஆபத்து இருந்தால் அவர்களுடைய மனுவைத் தனியாகவே பார்க்க வேண்டும். இரண்டாவது, அகதி அல்ல என்று விலக்கப்பட்டவரைக்கூடச் சித்திரவதைக்கு அனுப்பலாகாது. 1984-ஆம் ஆண்டின் சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கை, அதில் சேர்ந்த நாடுகளை இவ்விஷயத்தில் முற்றாகக் கட்டுப்படுத்துகிறது.

நேயர்களே, இவ்வளவும் தெரிந்த பின், நமக்குத் தெரிந்த அகதிக் குடும்பம் ஏதேனும் இருந்தால் அவர்களுக்கு நாம் சொல்லக்கூடிய புத்தி என்ன?

பழைய உத்தியோகத்தை மறைக்க வேண்டாம் என்பதே முதல் புத்தி. மறைத்தது பின்னர் வெளிப்பட்டால், உண்மையாகச் சொன்ன மற்றவற்றையும் நம்ப மாட்டார்கள். கொடுத்த தகுதியை ரத்துச் செய்யவும் இடமுண்டு. அதைவிட வேதனையானது ஒன்று உண்டு. எந்த உத்தியோகத்தை மறைக்கிறாரோ, அதுவே அவருக்கு ஆபத்து வந்த காரணமாக இருக்கலாம். அதை மறைத்தால், ஏன் ஓடி வந்தார் என்பதற்கே விளக்கம் இல்லாமல் போகும்.

எந்த ஆண்டில் சேர்ந்தார், எந்த ஊரில், எந்தப் பிரிவில், யாருக்குக் கீழே, என்ன வேலை, என்ன கண்டார், எப்போது விலகினார், ஏன் விலகினார் என்பவற்றை வரிசையாக நினைவுபடுத்தி வைத்துக்கொள்ளட்டும். நாள் சரியாக நினைவில்லையென்றால், நினைவில்லை என்றே சொல்லட்டும். மழைக்காலமா, பிள்ளை பிறந்த ஆண்டா என்று சொன்னாலும் போதும். காசு வாங்கிக்கொண்டு கதை கட்டிக் கொடுக்கும் தரகர்களை நம்ப வேண்டாம். பத்துப் பேருக்கு விற்ற கதை, விசாரிப்பவர் முன்னே பதினோராவது முறையாக வந்து நிற்கும். மொழிபெயர்ப்பவர் சொல்லுவது விளங்காவிட்டால், விளங்கவில்லை என்று அப்போதே சொல்ல வேண்டும். விசாரணையில் சொல்லுவதைச் சொந்த நாட்டு அரசாங்கத்துக்குத் தெரிவிக்கக் கூடாது என்பது இந்த விசாரணைகளின் அடிப்படை முறை.

நமக்கும் ஒரு கடமை இருக்கிறது. பக்கத்து வீட்டில் குடியிருப்பவர் முன்பு உடுப்புப் போட்டவர் என்று கேள்விப்பட்டவுடன் அவரைக் கொலைகாரர் என்று பேசிவிட வேண்டாம். முன்பு பெரிய உத்தியோகத்தில் இருந்தவர் என்பதற்காக அவர் நல்லவரென்றும் முடிவு கட்ட வேண்டாம். அதை விசாரிக்க வேண்டியவர்கள் விசாரிக்கட்டும். ஒரு நாட்டில் ஆட்சி மாறும்போது, நேற்று வரை மரியாதை தேடித் தந்த உத்தியோகம் இன்று உயிருக்கே உலை வைக்கலாம். அந்த உத்தியோகத்தில் இருந்துகொண்டு ஒருவர் தம் கையால் என்ன செய்தார், எதைச் செய்ய மறுத்தார் என்பதை வைத்தே அவரை எடைபோட வேண்டும். அந்தப் பொறுமை இல்லாத இடத்தில், குற்றமற்றவர் திருப்பி அனுப்பப்படுவார். குற்றவாளி மறைந்து வாழ்வார்.